எண்ணெய் புகும் கணம்

குண்டுகள் இல்லாத தாங்கி

வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் பின்புறம் அடித்தட்டில் கறுப்பு வண்ணம் பூசிய இரும்புக் குடுவை ஒன்று இருப்பதையும், அதன் மூடி திருகாணிகளால் அல்லாமல் பற்றவைப்பால் நிரந்தரமாக மூடப்பட்டிருப்பதையும் பலரும் கண்டிருப்பர். கம்ப்ரசர் எனப்படும் அந்தக் குடுவைக்குள் ஒரு மின்மோட்டாரும், அது சுழற்றும் ஒரு தண்டும், அத்தண்டு முன்னும் பின்னுமாக ஓட்டும் ஒரு சிறு பிஸ்டனும் இருக்கின்றன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நேரடியாக ஓடும் வகையில் அத்தண்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,900 முறை சுழல்கிறது. நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் ஓடுவதாகக் கொண்டால் பதினைந்து ஆண்டுகளில் சுழற்சிகளின் எண்ணிக்கை 950 கோடியைத் தொடுகிறது. இந்தப் பதினைந்து ஆண்டுகளில் எவரும் அதற்கு எண்ணெய் மாற்றுவதில்லை. மாற்றத் திறப்பதற்கு வழியும் இல்லை. அப்படியிருந்தும் தண்டு தேய்ந்து ஆட்டம் காண்பது அரிது.

சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் என்றவுடன் சைக்கிள் சக்கரத்தின் எஃகுக் குண்டுகளை நினைத்துக்கொள்வது இயல்பு. ஆனால் இத்தகைய கம்ப்ரசர்களில் தண்டைத் தாங்குவது பெரும்பாலும் வழவழப்பாகக் கடைந்த ஒரு துளை மட்டுமே. குண்டோ உருளையோ இல்லாத இந்த அமைப்பைச் சறுக்குத் தாங்கி என்று அழைக்கலாம்; பட்டறையில் அதன் சிறிய வடிவத்துக்குப் புஷ் என்றும், இரு பாதிகளாகப் பிரித்துப் பொருத்தும் வடிவத்துக்கு ஷெல் என்றும் பெயர். குழாய்வழி எரிவாயுவை அழுத்தி அனுப்பும் ஆயிரக்கணக்கான குதிரைத்திறன் கொண்ட கம்ப்ரசர்களும், கார், லாரி என்ஜின்களும் இதே எளிய அமைப்பையே நம்பியிருக்கின்றன. குண்டுத் தாங்கி பின்தங்குவதற்குக் காரணங்கள் உண்டு: ஒவ்வொரு குண்டும் ஒரு புள்ளியில் பாரத்தைச் சுமப்பதால் உலோகம் களைத்துச் செதில் உதிர்க்கும் நாள் ஒன்று வந்தே தீரும், ஒரே துண்டாக வார்த்த வளைந்த தண்டின் நடுவில் முழு வளையத்தை நுழைக்கவும் இயலாது. எனினும் குண்டுகள் ஏன் இல்லை என்பதைவிட, குண்டுகள் இல்லாத இடத்தில் பாரத்தைச் சுமப்பது எது என்பதே விளக்கம் வேண்டும் கேள்வி.

மர ஆப்பைத் தள்ளிய எண்ணெய்

இக்கேள்விக்கான விடை தற்செயலாகக் கிடைத்தது. இங்கிலாந்தின் இயந்திரப் பொறியாளர் கழகம் உராய்வை ஆராய அமைத்த குழுவுக்காகப் பீச்சம் டவர் என்னும் பொறியாளர் ரயில் அச்சுத் தாங்கிகளைச் சோதித்து, 1883-இல் தம் முடிவுகளை அறிவித்தார். அவருடைய அமைப்பில், சுழலும் அச்சின் மேற்பாதியை மட்டும் மூடிய பித்தளைத் தாங்கியின் மீது பாரம் ஏற்றப்பட்டிருந்தது. அச்சின் அடிப்பகுதி எண்ணெய்த் தொட்டியில் நனைந்தபடி சுழன்றது. எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் உச்சியில் துளையிட்டு அச்சை ஓட்டியபோது, துளை வழியே எண்ணெய் உள்ளே இறங்காமல் மேலே பொங்கி வழிந்தது. துளை முதலில் தக்கையாலும் பின்னர் மர ஆப்பாலும் அடைக்கப்பட்டது. இரண்டையும் எண்ணெய் மெல்ல வெளியே தள்ளிவிட்டது. அங்கே அழுத்தமானியைப் பொருத்தியபோது முள் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைக் கடந்தது. தாங்கி சுமந்த மொத்தப் பாரத்தை அதன் பரப்பால் வகுத்தால் கிடைத்த சராசரியோ 100 பவுண்டு மட்டுமே.

அச்சும் பித்தளையும் ஒன்றையொன்று தொடவே இல்லை, இடையில் இருந்த எண்ணெயே முழுப் பாரத்தையும் தூக்கி நிறுத்தியிருந்தது என்பதே இதன் பொருள். அந்த அழுத்தத்தை உண்டாக்கியது எது என்பதை மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் 1886-இல் கணித வழியில் விளக்கினார். தண்டு துளையின் நடுமையத்தில் நிற்பதில்லை; பாரத்தின் காரணமாகச் சற்றே ஒருபுறம் விலகி நிற்கிறது. ஆகவே இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஓரிடத்தில் அகன்றும், சுழலும் திசையில் போகப்போகக் குறுகியும், பின்னர் மீண்டும் அகன்றும் அமைகிறது. தண்டின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு வரும் எண்ணெய் அந்தக் குறுகலுக்குள் இழுக்கப்படுகிறது. அகன்ற வாய் வழியே நுழைந்த அளவு முழுவதும் குறுகிய வாய் வழியே போக முடியாததால் நடுவில் அழுத்தம் ஏறுகிறது. அவ்வழுத்தம் தண்டைத் தூக்குகிறது. ஆப்பு வடிவ இடைவெளியில் பிறப்பதால் இதனை ஆப்புப் படலம் எனலாம். இதற்கு வேண்டியவை மூன்று: எளிதில் ஓடாமல் சற்றே இழுபடும் எண்ணெயின் குணம், குறுகும் இடைவெளி, இடைவிடாத சுழற்சி. எண்ணெயை உள்ளே இழுக்கும் பம்பு அந்தத் தண்டேதான். வெளியிலிருந்து எண்ணெய் அனுப்பும் பம்பு, இழந்த எண்ணெயை ஈடுசெய்வதற்கும் சூட்டை வெளியே கொண்டுபோவதற்குமே பெரிதும் பயன்படுகிறது.

இடைவெளியே வடிவமைப்பு

சறுக்குத் தாங்கியை வடிவமைப்பது என்றால் உண்மையில் ஒரு வெற்றிடத்தை வடிவமைப்பதுதான். தண்டின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது இடைவெளிக்குப் பொறியாளர்கள் தொடக்கத்தில் எடுத்துக்கொள்ளும் அளவு. 100 மில்லிமீட்டர் தண்டுக்கு 0.1 மில்லிமீட்டர். தண்டு ஒருபுறம் விலகி ஓடும்போது மிகக் குறுகிய இடத்தில் படலத்தின் தடிமன் சில மைக்ரான்களிலிருந்து சில பத்து மைக்ரான்கள் வரைதான் இருக்கும். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரான். எண்ணெயில் மிதந்து வரும் தூசியின் துகள் இந்தத் தடிமனைவிடப் பெரிதாக இருந்தால் படலம் இருந்தும் பயனில்லை. எண்ணெய் வடிகட்டியை மலிவாக வாங்குவது எத்தகைய சேமிப்பு என்பதை இந்த ஓர் எண்ணே சொல்லிவிடும்.

இடைவெளியைக் குறைத்தால் படலம் வலுப்படும் என்று தோன்றினாலும், ஓரளவுக்கு மேல் குறைத்தால் எண்ணெய் ஓட்டம் சுருங்கி, உள்ளே பிறக்கும் சூடு வெளியேற வழியில்லாமல் எண்ணெய் இளகிவிடுகிறது. எண்ணெயின் இழுபடும் குணத்துக்குப் பாகுத்தன்மை என்று பெயர். பெரிய கம்ப்ரசர்களில் ஊற்றப்படும் தடித்த கனிம எண்ணெய் 40 பாகை செல்சியஸில் காட்டும் பாகுத்தன்மையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கையே 100 பாகையில் காட்டுகிறது. மாறாக, இடைவெளி அதிகமானால் எண்ணெய் தாராளமாக ஓடும். ஆனால் அழுத்தம் திரளாமல் ஓரங்கள் வழியே வழிந்துவிடும், பாரம் திசை மாறும் ஒவ்வொரு முறையும் தண்டு எதிர்ச்சுவரில் மோதித் தட்டும். குளிர்பதனப் பெட்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு: அழுத்தப்படும் வாயுவே எண்ணெயில் கரைந்து அதை நீர்க்கச் செய்கிறது. புதிய பெட்டிகளில் பயன்படும் ஐசோபியூட்டேன் கனிம எண்ணெயில் நன்கு கரையக்கூடியது. ஆகவே அங்கே கணக்கில் எடுக்க வேண்டியது டப்பாவில் உள்ள எண்ணெயின் பாகுத்தன்மை அன்று, வாயு கலந்த எண்ணெயின் பாகுத்தன்மையே.

சுழலாத தாங்கி

இதுவரை கூறியவை நிலையான பாரத்தைச் சுமந்து ஒரே சீராகச் சுழலும் தண்டுக்குப் பொருந்தும். பிஸ்டன் முன்னும் பின்னும் ஓடும் கம்ப்ரசரில் நிலைமை வேறு. பெரிய எரிவாயுக் கம்ப்ரசர் ஒன்றில், கிராங்க் எனப்படும் வளைதண்டு சுழல, அதன் வளைவில் பொருந்திய இணைப்புத் தண்டு ஆடியபடி முன்னும் பின்னும் நகர்கிறது. இணைப்புத் தண்டின் மறுமுனை, குறுக்குத்தலை என்னும் சறுக்குக் கட்டையில் ஒரு முளையால் பிணைக்கப்பட்டிருக்கிறது. குறுக்குத்தலை இரு தண்டவாளப் பரப்புகளுக்கு நடுவே நேர்கோட்டில் ஓடி, தன்னோடு பிணைந்த பிஸ்டன் கம்பியை நேராகத் தள்ளி இழுக்கிறது. ஆக, கிராங்கின் நிலைத் தாங்கிகள், கிராங்க் வளைவிலுள்ள தாங்கி, குறுக்குத்தலை முளையிலுள்ள புஷ் என மூவகைச் சறுக்குத் தாங்கிகள் இங்கே உள்ளன.

முதல் இரண்டிலும் தண்டு முழுச் சுற்றும் சுழல்வதால் ஆப்புப் படலம் உருவாகிறது. பாரம் கணத்துக்குக் கணம் திசையும் அளவும் மாறுவதால் தண்டின் மையம் துளைக்குள் ஒரே இடத்தில் நில்லாமல் ஒரு பாதையில் அலைகிறது. 1965-இல் புக்கர் என்பவர் வகுத்துக் கொடுத்த முறைக்குப் பிறகு இப்பாதையை விரைவாகக் கணக்கிட முடிந்தது. இங்கே ஒரு விந்தையும் உண்டு. பாரத்தின் திசையும் தண்டு சுழலும் திசையிலேயே, அதன் வேகத்தில் சரிபாதியாகச் சுழன்றால் ஆப்புப் படலத்தின் தூக்குந்திறன் முற்றிலும் மறைந்துபோகிறது. எண்ணெய் சராசரியாக நகரும் வேகமும் ஆப்பு நகரும் வேகமும் ஒன்றாகிவிடுவதால் குறுகலுக்குள் எண்ணெய் புகுவதே இல்லை என்பது காரணம்.

ஆனால் வடிவமைப்பாளரின் உறக்கத்தைக் கெடுப்பது மூன்றாவது தாங்கிதான். குறுக்குத்தலை முளையைச் சுற்றி இணைப்புத் தண்டு சுழல்வதில்லை. ஊஞ்சலைப் போல இருபுறமும் ஆடுகிறது. இணைப்புத் தண்டின் நீளம் கிராங்க் ஆரத்தைப்போல் ஐந்து மடங்கு என்றால் அந்த ஆட்டம் ஒவ்வொரு புறமும் 11.5 பாகை மட்டுமே. நிமிடத்துக்கு 1,000 சுற்றில், 100 மில்லிமீட்டர் கிராங்க் தாங்கியின் பரப்பு நொடிக்கு 5 மீட்டருக்கு மேல் விரைகிறது. 75 மில்லிமீட்டர் முளையின் பரப்போ உச்ச நிலையிலேயே நொடிக்கு 0.8 மீட்டரைத் தொட்டுவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை நின்று திரும்புகிறது. நிற்கும் பரப்பு எண்ணெயை இழுப்பதில்லை. ஆப்புப் படலம் இங்கே கைகொடுக்காது.

நசுங்கும் படலம்

முளையைக் காப்பது வேறொரு படலம். நீர் தெளித்த கல்மேசை மீது கண்ணாடித் தகடு ஒன்றை வைத்து அழுத்தினால், நீர் உடனே வெளியேறிவிடுவதில்லை. ஓரங்களை நோக்கி மெல்லப் பிதுங்குகிறது, அது முழுவதும் பிதுங்கும்வரை தகடு கல்லைத் தொடுவதில்லை. எண்ணெயில் இந்தத் தயக்கம் இன்னும் அதிகம். இதனை நசுக்குப் படலம் என்று அழைக்கலாம். வியன்னாவின் யோசெஃப் ஸ்டெஃபான் 1874-இலேயே இதன் கணக்கை எழுதிவிட்டார். படலம் மெலிய மெலிய அதை மேலும் நசுக்குவது கடினமாகிறது: 20 மைக்ரான் படலம் 10 ஆக மெலிவதற்கு எடுக்கும் நேரத்தைப்போல் நான்கு மடங்கு நேரம், அதே பாரத்தின் கீழ் 10 மைக்ரான் 5 ஆக மெலிவதற்குத் தேவைப்படும்.

நிமிடத்துக்கு 1,000 முறை சுழலும் கம்ப்ரசரில் ஒரு சுற்றுக்கு 60 மில்லி நொடிகளே உள்ளன. அதில் பாதி நேரம் முளை ஒரு புறமாக அழுத்தப்படுகிறது என்றால், 30 மில்லி நொடிகளுக்குள் படலம் முற்றிலும் நசுங்கிவிடாமல் தாக்குப்பிடித்தால் போதும். அடுத்த பாதியில் பாரம் எதிர்ப்புறம் திரும்பும்போது, நசுங்கிய பக்கம் வாயைத் திறக்கிறது. புஷ்ஷின் உட்சுவரில் வெட்டிய காடிகளில் காத்திருக்கும் எண்ணெய் அங்கே புகுந்து அடுத்த அழுத்தத்துக்குள் படலத்தைப் புதுப்பித்துவிடுகிறது.

எல்லாம் இந்தத் திருப்பத்தைப் பொறுத்தே இருக்கிறது. பாரம் எந்நேரமும் ஒரே திசையில் இருந்தால், அதன் அளவு ஏறி இறங்கினாலும் கூட, முளை புஷ்ஷின் ஒரு சுவரை விட்டு ஒருபோதும் விலகாது. விலகாத இடத்தில் எண்ணெய் புகாது. பாரத்தின் அளவைவிட அது திரும்புகிறதா என்பதே இங்கே உயிர்நாடி. இதனைப் பாரத் திருப்பம் எனலாம்.

ஒரு கம்ப்ரசரின் கணக்கு

கணக்கு எளிதாவதற்காகப் பின்வரும் அளவுகளைக் கொண்ட ஒரு கம்ப்ரசரை எடுத்துக்கொள்ளலாம். பிஸ்டன் ஓடும் உருளையின் உள்விட்டம் 200 மில்லிமீட்டர். பிஸ்டன் கம்பியின் விட்டம் 50. பிஸ்டன் ஓடும் தூரம் 125. வாயு 10 பார் அழுத்தத்தில் நுழைந்து 25 பார் அழுத்தத்தில் வெளியேறுகிறது. ஒரு பார் என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடை, இவ்விரு எண்களும் வளிமண்டல அழுத்தத்துக்கு மேற்பட்டவை. கவாடங்களில் ஏற்படும் சிறு இழப்புகளை ஒதுக்கிவிடலாம்.

பிஸ்டனின் இரு முகங்களும் வேலை செய்கின்றன. கிராங்குக்கு அப்பாலுள்ள வெளிமுகத்தின் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். கம்பி இணைந்திருக்கும் உள்முகத்தின் பரப்பு, கம்பி அடைத்துக்கொண்ட இடம் போக, 295. வெளிமுகத்தில் 25 பாரும் உள்முகத்தில் 10 பாரும் நிற்கும் வேளையில், வெளிமுகத்தின் தள்ளுவிசை 7.85 டன், உள்முகத்தின் எதிர்விசை 2.95 டன், எஞ்சிய 4.9 டன் பிஸ்டனைக் கிராங்கை நோக்கித் தள்ளுகிறது. நிலைமை மாறி உள்முகத்தில் 25-ம் வெளிமுகத்தில் 10-ம் நிற்கும்போது, 7.4 டன்னுக்கு எதிராக 3.1 டன் நின்று, 4.2 டன் பிஸ்டனை வெளியே இழுக்கிறது. ஒரு சுற்றுக்குள் 4.9 டன் தள்ளலும் 4.2 டன் இழுப்பும் மாறிமாறி வருவதால் முளையின் இரு பக்கங்களும் எண்ணெய் குடிக்கின்றன. முளையின் விட்டம் 75, நீளம் 90 மில்லிமீட்டர் என்றால், உச்சப் பாரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 73 கிலோ வருகிறது. வெண்கலப் புஷ்ஷுக்கு இது அச்சமூட்டும் எண் அன்று.

இனி, எரிவாயுவின் தேவை பாதியாகக் குறைந்துவிட்டதாகக் கொள்ளலாம். இயந்திரத்தை நிறுத்தாமல் உற்பத்தியைக் குறைக்க, ஒரு பக்கத்தின் நுழைவுக் கவாடத்தைத் திறந்தபடியே பிடித்துவைக்கும் சுமைநீக்கி என்னும் சாதனம் உண்டு. அது இயங்கினால் அந்தப் பக்கத்தில் வாயு அழுத்தப்படாமல் வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருக்கும். உள்முகத்தின் கவாடத்தை இவ்வாறு திறந்துவைத்தால் அங்கே சுற்று முழுவதும் 10 பாரே நிற்கும், எதிர்விசை 2.95 டன்னிலேயே உறைந்துவிடும். வெளிமுகத்தின் விசையோ 3.14-க்கும் 7.85-க்கும் இடையே ஏறி இறங்கும். கழித்துப் பார்த்தால் எஞ்சுவது 0.2 டன்னிலிருந்து 4.9 டன் வரை. குறைந்தபட்சமும் தள்ளலே, அதிகபட்சமும் தள்ளலே. இழுப்பு என்பதே மறைந்துவிட்டது.

இயந்திரம் செய்யும் வேலை பாதியாகியிருக்கிறது, மின்கட்டணம் குறைந்திருக்கிறது, உச்சப் பாரம் ஒரு கிலோகூடக் கூடவில்லை. ஆயினும் வாயு விசையை மட்டும் வைத்துப் பார்த்தால் முளையின் புஷ்ஷுக்கு மரண ஓலை எழுதப்பட்டுவிட்டது.

வேகம் செய்யும் உதவி

நடைமுறையில் இந்தக் கம்ப்ரசர் தப்பித்துவிடும். தப்புவிப்பது அதன் வேகம். பிஸ்டன், கம்பி, குறுக்குத்தலை மூன்றும் சேர்ந்து 60 கிலோ எடை என்று கொள்ளலாம். இந்தத் தொகுதி ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை நின்று திரும்ப வேண்டும். ஓடும் பொருள் ஓடிக்கொண்டே இருக்க முயலும் குணமாகிய நிலைமம் அப்போது தன் வேலையைக் காட்டுகிறது. நிமிடத்துக்கு 1,000 சுற்றில், கோடியில் பிஸ்டனைத் திருப்புவதற்கு ஈர்ப்பு முடுக்கத்தைப்போல் 70 மடங்கு முடுக்கம் தேவை. ஆகவே 60 கிலோ எடை 4.2 டன் விசையாக வெளிப்படுகிறது. இணைப்புத் தண்டு சாய்ந்து ஆடுவதால் வெளிக்கோடியில் இது ஏறத்தாழ 5 டன்னாகக் கூடியும் உட்கோடியில் குறைந்தும் அமையும்.

வெளிக்கோடியில் பிஸ்டனை நிறுத்தி உள்ளே இழுப்பது இணைப்புத் தண்டின் வேலை என்பதால், அங்கே நிலைமம் முளையை இழுப்புத் திசையில் ஏற்றுகிறது. பிஸ்டன் வெளிக்கோடியைக் கடந்து கிராங்க் 40 பாகை சுழல்வதற்குள், உருளையின் மூலையில் எஞ்சியிருந்த வாயு விரிந்து அழுத்தம் 10 பாருக்கு இறங்கிவிடுகிறது; வாயுவின் தள்ளல் 0.2 டன்னாகிவிடுகிறது, நிலைமத்தின் இழுப்போ இன்னும் 3 டன்னுக்கு மேல் நிற்கிறது. முளை புஷ்ஷின் மறுபக்கத்துக்குப் பாய்கிறது. இந்தத் திருப்பம் 40 பாகைக்கு மேல் நீடிக்கும். எண்ணெய்க்கு அது தாராளமான அவகாசம்.

அதே இயந்திரத்தை அதே நிலையில் 300 சுற்றுக்கு இறக்கினால் என்ன ஆகும் என்பதில்தான் பாடம் இருக்கிறது. நிலைம விசை வேகத்தின் இருமடியாக மாறுவதால், 4.2 டன் 0.4 டன்னுக்கும் கீழே சரிகிறது. 40 பாகையைத் தாண்டிய கட்டத்தில் அதில் எஞ்சுவது 0.3 டன்னுக்குச் சற்றுக் குறைவு. அதிலிருந்து வாயுவின் 0.2 டன்னைக் கழித்தால் மிஞ்சும் இழுப்பு நூறு கிலோவைக்கூடத் தொடுவதில்லை, அதுவும் ஏறத்தாழ 12 பாகைக்கே. மெதுவாக ஓட்டினால் இயந்திரம் நீண்டநாள் உழைக்கும் என்னும் பொதுவான நம்பிக்கை இவ்விடத்தில் தலைகீழாகிறது. கிராங்க் வளைவிலுள்ள தாங்கிக்கு நிலைமம் பெருஞ்சுமை. குறுக்குத்தலை முளைக்கு அதே நிலைமம் உற்ற துணை. இரண்டுக்கும் பொருந்தும் வேகத்தையும் எடையையும் தேர்வது சமரசம்தான். சில சமயம் திருப்பம் கிடைப்பதற்காகவே குறுக்குத்தலையின் எடையைக் கூட்ட வேண்டியும் வருகிறது. பொதுவாக எடையைக் குறைக்கவே பாடுபடும் பொறியாளர்களுக்கு இது கசப்பான வைத்தியம்.

காடிகளும் உலோகமும்

திருப்பம் உறுதியான பிறகே எண்ணெய்க் காடிகளின் கேள்வி எழுகிறது. காடி என்பது புஷ்ஷின் உட்சுவரில் வெட்டிய வாய்க்கால். கிராங்க் தாங்கியில் அதனைப் பாரம் விழாத பகுதியில் வைப்பது மரபு. பாரம் விழும் இடத்தில் வெட்டினால், அரும்பாடுபட்டுத் திரண்ட அழுத்தம் அந்த வாய்க்கால் வழியே வடிந்துவிடும். குட்டையான தாங்கியில் தூக்குந்திறன் நீளத்தின் மும்மடியைப் பொறுத்தது என்பதால், தாங்கியின் நடுவே சுற்றிலும் ஒரு காடி வெட்டி அதை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பாதியும் எட்டில் ஒரு பங்கையே சுமக்கும். இரண்டும் சேர்ந்து முன்பிருந்த திறனில் கால் பங்குதான். சுழலாத முளையில் இந்த நியாயம் வேறுபடுகிறது. அங்கே புஷ்ஷின் நீளவாக்கில் பல காடிகள் வெட்டி, அடுத்தடுத்த காடிகளின் தொலைவு ஆட்டத்தின் மொத்தக் கோணத்தைவிட, அதாவது மேற்கூறிய அமைப்பில் 23 பாகையைவிட, குறைவாக இருக்குமாறு அமைத்தால், முளையின் ஒவ்வொரு பகுதியும் ஓர் ஆட்டத்துக்குள் ஏதேனும் ஒரு காடியைக் கடந்து நனைந்துவிடும்.

உலோகத் தேர்வு பலரும் நினைப்பதைவிடச் சிறிய கேள்வி. படலம் முழுமையாக இருக்கும்போது எந்த உலோகமும் போதும். இயந்திரத்தைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும், தூசி புகும்போதும், தண்டு சற்றே சாயும்போதும்தான் உலோகத்தின் குணம் வெளிப்படுகிறது. 1839-இல் அமெரிக்காவின் ஐசக் பேபிட் காப்புரிமை பெற்ற தாங்கி அமைப்பிலிருந்து பெயர் பெற்ற, வெள்ளீயமும் ஆன்டிமனியும் செம்பும் கலந்த மென்மையான பேபிட் உலோகம், தூசித் துகளைத் தன்னுள் புதைத்துக்கொண்டு தண்டைக் காக்கிறது. ஆனால் அடித்து அடித்து விழும் பாரத்தில் அது விரைவில் களைத்து விரிசலிடும். அதனைத் தடிமனாக வார்ப்பதைவிட எஃகு முதுகின்மேல் மெல்லிய பூச்சாக வைத்தால் களைப்பைத் தாங்கும் திறன் கூடுகிறது; இக்காலத்து ஷெல்கள் பெரும்பாலும் எஃகு, அதன்மேல் செம்பு அல்லது அலுமினியக் கலவை, அதன்மேல் மென்பூச்சு என அடுக்கடுக்காக அமைகின்றன. முளையின் புஷ்ஷுக்கு வெண்கலமே பெரிதும் விரும்பப்படுகிறது.

கப்பல் என்ஜின்கள் கண்ட வழி

பாரத் திருப்பமே கிடைக்காத இயந்திரங்களும் உலகில் உண்டு. பெரிய சரக்குக் கப்பல்களை ஓட்டும் இருவீச்சு டீசல் என்ஜின்களில் ஒவ்வொரு சுற்றிலும் எரிப்பு நிகழ்வதால் குறுக்குத்தலையின் முளை எந்நேரமும் கீழ்நோக்கியே அழுத்தப்படுகிறது. அவை மிக மெதுவாகச் சுழல்வதால் நிலைமமும் உதவிக்கு வருவதில்லை. அங்கே முளையைப் பருமனாக்கி, அதன் பரப்பைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, சில வகைகளில் தனிப் பம்பு மூலம் உயர் அழுத்தத்தில் எண்ணெயைச் செலுத்தி முளையை வலுக்கட்டாயமாகத் தூக்குகின்றனர். வேறு சில இருவீச்சு என்ஜின்களில், முளையையே அச்சு சற்றே விலகிய பகுதிகளாகக் கடைந்து, ஆட்டத்தின்போது பாரம் ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுமாறு செய்திருக்கின்றனர். ஒன்று சுமக்கும்போது மற்றொன்று எண்ணெய் நிரப்பிக்கொள்கிறது. இவை அழகான தீர்வுகள். ஆனால் செலவு மிக்கவை. கம்ப்ரசர் செய்வோர் திருப்பத்தையே நாடுவதற்கு அதுவே காரணம்.

பழுதடைந்த புஷ் சொல்வது

திருப்பமின்றி ஓடிய புஷ்ஷைக் கழற்றிப் பார்த்தால் அது தானே வாக்குமூலம் கொடுத்துவிடும். ஒரு பக்கம் சூட்டில் கறுத்து, வெண்கலம் இழுபட்டு, முளையில் ஒட்டியிருக்கும். நேர் எதிர்ப்பக்கத்திலோ கடைசல் இயந்திரம் விட்டுச்சென்ற நுண்கோடுகள்கூட அழியாமல் இருக்கும். எண்ணெய் அழுத்தமானி அதுவரை சரியான அளவையே காட்டிவந்திருக்கும், ஏனெனில் எண்ணெய் காடிவரை வந்துகொண்டுதான் இருந்தது. இதைக் கண்டு மேலும் உறுதியான உலோகத்தில் புஷ் செய்து பொருத்துவதும், தடித்த எண்ணெய்க்கு மாறுவதும் வழக்கமாக நடப்பவை. இரண்டும் அடுத்த பழுதைச் சற்றுத் தள்ளிப்போடலாம், தடுக்க மாட்டா.

அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் 618 என்னும் தரவிதி, பிஸ்டன் கம்ப்ரசர்களுக்கு இதனை இரண்டு எண்களில் வரையறுத்திருக்கிறது: வாயு விசையையும் நிலைம விசையையும் கூட்டிப் பார்க்கையில், குறுக்குத்தலை முளையில் பாரம் ஒவ்வொரு சுற்றிலும் குறைந்தது 15 பாகைக்குத் திரும்பியிருக்க வேண்டும், திரும்பிய பாரத்தின் உச்சம், எதிர்த்திசைப் பாரத்தில் குறைந்தது 3 விழுக்காடாக இருக்க வேண்டும். 1,000 சுற்றில் 15 பாகை என்பது 2.5 மில்லி நொடி. மேற்கண்ட கணக்கில் 300 சுற்றுக்கு இறக்கிய கம்ப்ரசர் இரண்டு நிபந்தனைகளிலும் தோற்றுப்போகிறது. ஆகவே, ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்ரசரின் வேகத்தைக் குறைக்கவோ, சுமைநீக்கியைப் பக்கம் மாற்றிப் பொருத்தவோ, நுழைவு அழுத்தத்தை மாற்றவோ முனைபவர், உச்சப் பாரம் வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திவிடாமல், புதிய நிலையில் பாரம் எத்தனை பாகைக்குத் திரும்புகிறது என்ற கணக்கையும் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்கிய பிறகே கவாடத்தில் கைவைக்க வேண்டும்.